மேசைமேற் பீரங்கி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற ஆண்டுக் கைப்பணிக் கண்காட்சியிலே நாம் வைத்திருந்த சிறிய பீரங்கிகளைக் கண்ட முதியவர் ஒருவர், "ஷெல்லடி கண்ட ஊரிலே பீரங்கிக்கு வர்ணம் பூசுறியளோ, தம்பிமார்?" என்று கேட்டார். நாம் சிரித்து நின்றோமேயன்றி விடை சொன்னோமில்லை. 2009இல் போர் ஓய்ந்தபொழுது நாம் அரிவரிப் பிள்ளைகள். அவரோ பதுங்குகுழியிலிருந்து எழுந்து வந்தவர். அவ்வினாவுக்கு இன்று விடை கூற முயல்கின்றோம்.

முதற்கண் இவ்விளையாட்டு இன்னதென்று சொல்லுதல் வேண்டும். மேசையொன்றின்மேல் மேடும் வயலும் வீதியும் அமைத்து, பழைய போரொன்றைப் பொம்மைப் படைகளால் மீண்டும் நடத்துவர். நாடாவால் தூரம் அளந்து, தாயக்கட்டை உருட்டி, வெற்றி தோல்வி காண்பர். பிரசிய நாட்டிலே ரைஸ்விட்ஸ் என்னுங் குடும்பத்துத் தந்தையும் மகனும் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக இத்தகைய விளையாட்டை வகுத்தனர். மகன் திருத்திய விதிநூல் 1824இல் வெளிவந்தது. இதனை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்து புகழ்பெறச் செய்தவர் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். 1913இல் வெளிவந்த அவருடைய சிறு நூலில், சுருள்வில்லால் மரக்குச்சியை எறியும் விளையாட்டுப் பீரங்கியே கதாநாயகன். அந்நூலின் முடிவிலே அவர், போர்வெறி கொண்ட மன்னரையும் தலைவரையும் ஒரு மண்டபத்தில் அடைத்துப் பொம்மைகளைக் கொடுத்துவிட்டால் உலகம் பிழைக்கும் என்ற கருத்துப்பட எழுதினார். அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது. மண்டபத்தில் யாரும் அடைபடவில்லை.

நாம் எடுத்துக்கொண்டது நெப்போலியன் காலத்துப் பீரங்கி. வீரனின் உயரம் 28 மில்லிமீற்றர். குழல் நம் சுண்டுவிரலிலும் சிறியது. முன்னாளில் இவற்றை ஈயக் கலவையில் வார்த்தனர். இப்பொழுது பெரும்பாலும் ஈயம் நீங்கிய கலவையும் பிளாஸ்டிக்குமே. வார்ப்பின் பிசிறை அரத்தால் அராவி, சவர்க்கார நீரிற் கழுவி, கறுப்பு அடிப்பூச்சுக் கொடுத்து உலர விடவேண்டும். குழலை வண்டியிலே ஒட்டிவிட்டுப் பூசத் தொடங்குவது புதியவர் செய்யும் பிழை; அடிப்புறத்திலே தூரிகை புகாது.

வண்டியின் நிறமே நாட்டைக் காட்டும். பிரான்சியரது ஒலிவப் பச்சை, பிரித்தானியரது சாம்பல், ஒஸ்திரியரது மஞ்சட்காவி, உருசியரது பச்சை. இரும்புப் பட்டைகளெல்லாம் கறுப்பு. பிரான்சியரின் பச்சைக்கு நாம் கடைப்பச்சையை வாங்கிப் பூசி ஏமாந்தோம். மஞ்சட்காவியோடு சிறிது கறுப்பைக் குழைத்தால் வருவதே அந்த நிறம். பச்சைத் தீந்தை ஒரு துளியும் வேண்டியதில்லை!

இன்னொரு பிழையையும் ஒளிக்காது சொல்கிறோம். பழைமை தோன்றவேண்டுமென்று குழல்களிலே செம்மஞ்சட் கறல் தீட்டியிருந்தோம். பார்த்தவரெல்லாரும் மெச்சினர். பின்னரே தெரிந்தது, அக்காலத்துக் களப் பீரங்கிக் குழல்கள் பெரும்பாலும் வெண்கலம் என்பது. வெண்கலத்திற் களிம்பு ஏறுமேயன்றிக் கறல் பிடிக்குமா? நம் வீட்டுக் குத்துவிளக்கைப் பார்த்திருந்தாலே போதும். ஆறு குழல்களையும் சுரண்டி மறுபடியும் பூசினோம்.

கறலிலும் பெரிய பிழை ஒன்று இருந்தது. குழலின் பின்புறத்து மேற்பக்கத்தில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு துளை உண்டு. ஒரு முறை சுட்டபின், முன்னே நிற்பவன் ஈரக்கோலாற் குழலைத் துடைத்து அடுத்த மருந்துப் பொதியை உள்ளே இடிப்பான். அவ்வேளை பின்னே நிற்பவன் தோலுறையிட்ட பெருவிரலால் அத்துளையை அடைத்துக்கொண்டிருப்பான். அவன் விரல் விலகிக் காற்றுப் புகுந்தால், உள்ளே எஞ்சிய கங்கு கனன்று பொதி வெடிக்கும். முன்னே நிற்பவனுடைய கை போகும், உயிரும் போகலாம். நமது பொம்மையில் அந்தத் தோலுறை ஒரு பழுப்புப் புள்ளி. நாமோ அவ்விரலுக்கு மற்ற விரல்களின் நிறத்தையே பூசியிருந்தோம். அவன் ஏன் அங்கே விரலை வைத்திருக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை, நாமுந்தான். கேட்டறிந்த நாளில் தூரிகையை எடுத்து ஒவ்வொரு விரலுக்கும் புள்ளி வைத்தோம். அன்று மாலை விளையாட்டு நடக்கவில்லை.

அதன்பின்னரே மேர்சர் என்னும் கப்டனுடைய நாட்குறிப்பைத் தேடிப் படித்தோம். 1815 யூன் 18ஆந் திகதி வாட்டர்லூவிலே பிரித்தானியக் குதிரைப் பீரங்கிப் படைப்பிரிவொன்றை நடத்தியவர் அவர். அக்காலப் பீரங்கி, சுடுந்தோறும் பின்னோக்கி ஓடும்; ஆட்கள் தோள்கொடுத்து மீண்டும் முன்னே தள்ளவேண்டும். பொழுது சாய்கையில் அவருடைய ஆட்களுக்குத் தள்ளும் வலு இல்லாது போக, பீரங்கிகள் பின்னோடி ஒன்றோடொன்று சிக்குண்டு குவிந்து கிடந்தனவாம். ஏறக்குறைய 200 குதிரைகளில் 140க்கு மேற்பட்டவை மாண்டோ காயமுற்றோ வீழ்ந்தன. ஒரு பீரங்கிக்கு எட்டுக் குதிரை.

மேசைப் போரிலே பலர் குதிரைகளை வைப்பதில்லை. விலை அதிகம், இடமும் பிடிக்கும். எம்மிடத்தும் இருக்கவில்லை. இவ்வாண்டு ஒரு பீரங்கிக்கேனும் எட்டையும் பூசுவதென்று துணிந்தோம். ஆறு பீரங்கிகளுக்குச் சென்ற காலத்திலும் அவ்வெட்டுக் குதிரைகளுக்குச் சென்ற காலம் மிகுதி.

ஆகவே அம்முதியவருக்கு நாம் கூறக்கூடியது இவ்வளவே. திரைப்படத்திலே பீரங்கி என்றால் நெருப்பும் முழக்கமும். தூரிகை பிடித்தவனுக்கு அது ஒரு பெருவிரல், எட்டுக் குதிரை, தள்ளிக் களைத்த தோள்கள். ஆயினும், தாயக்கட்டை நன்றாக விழுந்து எதிரியின் அணியொன்று மேசையிலிருந்து அகற்றப்படும்பொழுது நமக்கு உண்டாகும் மகிழ்ச்சி மெய்யான மகிழ்ச்சியே. அவர் கேட்டது அந்த மகிழ்ச்சியைப் பற்றியாயின், எம்மிடம் விடை இல்லை. நம் நாட்டுப் போரை இம்மேசைக்குக் கொண்டுவருவதில்லை என்று மட்டும் எமக்குள்ளே பேசி வைத்திருக்கிறோம். அதற்குக் காரணம் கேட்டு எம்மில் எவரும் விவாதித்ததுமில்லை.

பீரங்கிகளும் குதிரைகளும் மண்டபத்தின் வாயிலருகே வைக்கப்பட்டிருக்கின்றன. எடுத்துப் பார்க்க விரும்புவோர், குழலைப் பிடித்துத் தூக்காது அடித்தட்டைப் பிடித்துத் தூக்குமாறு வேண்டுகிறோம். இரண்டு குதிரைகளின் பூச்சு இன்னும் உலரவில்லை.