விலை முகத்துக்கா, புட்டிக்கா?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டி மாநகரில், தை மாத விடியலில் ஹந்தானை மலைக்காற்றுப் பட்டு முகம் வறள்வதுண்டு. அப்போது கடைத்தெருவின் உயர்விலைக் களிம்பு ஆசையை மூட்டுகிறது. அம்மலைச்சாரலில் கொழுந்து பறிப்பவரின் பல நாட் கூலியை விழுங்கும் புட்டி அது. கொடுக்கும் பணத்துக்கு அது தகுமா?

தோலின் மேற்படையிலுள்ள நீர் குறைவதே வறட்சி. அதற்கு வேண்டுவன இரண்டு: நீரை ஈர்த்துப் பிடிக்கும் கிளிசரின், நீர் ஆவியாகாது மூடிக் காக்கும் மெழுகு, எண்ணெய் வகைகள். 1872இல் அமெரிக்காவில் செஸ்புரோ காப்புரிமை பெற்ற வாசலினை, ஈரங்காப்பதில் வெல்லும் பொருள் இன்றும் அரிது. கிளிசரினோ, தேங்காயெண்ணெயில் சவர்க்காரம் செய்கையில் உடன் விளைவது. உயர்விலைக் களிம்பிலும் ஈரங்காக்கும் சரக்கு பெரும்பாலும் இத்தகையனவே. மிகுதிப் பணத்தில் பெரும்பங்கு நறுமணத்துக்கும் புட்டிக்கும் விளம்பரத்துக்கும் போகிறது. அந்நறுமணமே சிலரது தோலுக்கு ஒவ்வாமையும் தரும்.

பிசுபிசுப்பின்றிப் பரவும் சுகத்துக்காக வாங்க வசதியுள்ளோர் வாங்கட்டும், அது தவறன்று. ஆனால், தோலின் நலம் விலையோடு வளரும் என்றெண்ணிக் குடும்பப் பணத்தைக் கரைத்தல் வேண்டா. முகங்கழுவி, ஈரம் உலருமுன் மணமற்ற எளிய களிம்பைச் சிறிது பூசுங்கள். மலைநாட்டுக் குளிருக்கு அதுவே போதும்.