மூடா ஆற்று நீர்: வயலுக்கா, குழாய்க்கா?

கெடாவின் நெல் வயலுக்குப் பாயும் நீருக்கும் பினாங்கின் வீட்டுக் குழாயில் வரும் நீருக்கும் தாய்வீடு ஒன்றுதான்: உலு மூடா காடு. அங்கே பிறக்கும் மூடா ஆற்றின் நீரை வைத்துத்தான் இரு மாநிலங்களுக்கும் இடையே நெடுங்காலமாக இழுபறி.

முதலில் விவசாயியின் பக்கம். மழையை நம்பி ஒரு போகம் விளைந்த மூடா சமவெளியில், 1970-இல்தான் இரு போகச் சாகுபடி தொடங்கியது. மூடா அணைக்கு நீர்வரத்து அதிகம். ஆனால் கொள்ளளவு ஏறத்தாழ 16 கோடி கன மீட்டர்தான். பெடு அணையோ 100 கோடி கன மீட்டருக்கு மேல் கொள்ளும். அதற்கு நீர்வரத்து குறைவு. ஆகவே, மலையைக் குடைந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் சுரங்கவழியாக மூடா அணை நீர் பெடுவுக்குத் திருப்பப்படுகிறது. கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் ஏறத்தாழ 96,000 ஹெக்டர் வயல் இத்திட்டத்தின்கீழ் வருகிறது. நாட்டின் நெல்லில் சுமார் 40 விழுக்காடு இங்கேதான் விளைகிறது.

அப்படித் திருப்பிய நீர் போக மீதிதான் தெற்கே இறங்குகிறது. பினாங்கு தனக்கு வேண்டிய கச்சா நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் அந்த ஆற்றிலிருந்தே எடுக்கிறது.

"கடைமடையில் ஆறு இரு மாநிலங்களுக்கும் எல்லை. சொந்தக் கரையில் எடுக்கும் நீருக்குக் கட்டணம் ஏன்?" என்பது பினாங்கின் வாதம். "காட்டை வெட்டாமல் காத்தால் மர வருமானம் போகிறது. பயன் பெறுபவர் ஈடு தர வேண்டாமா?" என்பது கெடாவின் வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 9-ஆவது அட்டவணைப்படி, ஒரே மாநிலத்துக்குள் அடங்கும் ஆறு அம்மாநிலத்தின் பொறுப்பு. பல மாநிலங்களைத் தொடும் ஆறு, அவை தங்களுக்குள் உடன்பாடு செய்துகொள்ளாதவரை, கூட்டரசின் பட்டியலில் வரும். ஆகவே, கூட்டரசு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க முடியாது.

இதற்கிடையில் அவதிப்படுபவர் விவசாயி. வறட்சியில் வாய்க்கால் திறப்பு தள்ளிப்போனால் விதைப்பு தள்ளிப்போகும். அறுவடை மழையில் சிக்கும். அடுத்த போகமும் தடுமாறும். குடிநீருக்கே முன்னுரிமை என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால், வயலுக்குரிய நீரைக் குறைக்கும்போது அவருக்கு என்ன இழப்பீடு என்பதும் முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும்.

காட்டைக் காக்க நிதி, ஆற்றில் குறைந்தபட்ச நீரோட்டம், பேச்சுவார்த்தை மேசையில் விவசாயிக்கு ஓர் இருக்கை. உடன்பாட்டில் இம்மூன்றும் இடம்பெற வேண்டும். காடு அழிந்தால் கட்டணம் கேட்கவும் நீர் இருக்காது. கொடுக்க மறுக்கவும் நீர் இருக்காது.