மலைநாட்டு ஆஸ்பத்திரிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

(நன்கொடையாளர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மிஷன் ஆஸ்பத்திரி என்றால் நாம் டாக்டரைப் பற்றிக் கேட்கிறோம். மருந்து, கட்டிடம், கட்டில் எல்லாவற்றைப் பற்றியும் கேட்கிறோம். சுவரில் இருக்கிற பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. தூர நாட்டு மிஷன் ஆஸ்பத்திரிகளின் ஏதாவது ஒரு தேவையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே இந்த பிளக் விஷயத்தையே எடுத்துக்கொண்டு, லெசோதோ என்னும் சிறிய நாட்டைக் கொண்டு அதை விளக்க விரும்புகிறேன்.

ஆப்பிரிக்க வரைபடத்தின் தென்கோடியில் தென்னாப்பிரிக்கா இருக்கிறது அல்லவா? அதன் வயிற்றுக்குள் ஒரு சிறு வட்டம் தெரியும். அதுதான் லெசோதோ. (அந்த ஊர் ஜனங்கள் "லெசூத்தூ" என்பார்கள். எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று.) நாலு பக்கமும் ஒரே அயல்நாடு. கடற்கரை கிடையாது. பரப்பு 30,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஜனத்தொகை இருபது லட்சத்துக்குச் சற்று மேல். நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1833-இல் மொஷ்வேஷ்வே அரசரின் அழைப்பின்பேரில் பிரெஞ்சு மிஷனரிகள் வந்து மொரிஜாவில் ஊழியத்தைத் தொடங்கினார்கள். பின்னர் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், அட்வென்டிஸ்ட் என்று பல சபையாரும் ஆஸ்பத்திரிகளைக் கட்டினார்கள். 1974-இல் இவர்கள் ஒன்றுசேர்ந்து லெசோதோ கிறிஸ்தவ சுகாதாரச் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். அந்நாட்டு மருத்துவ சேவையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இந்தச் சங்கத்தைச் சேர்ந்த நிலையங்களில் நடக்கிறது. அவற்றில் பல மலைமேல் இருக்கின்றன.

மலைமேல் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் எதற்கு? ஆபரேஷன் தியேட்டருக்கும் எக்ஸ்ரேக்கும் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தடுப்பூசி மருந்து 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் இருக்கவேண்டும். சூடானால் கெடும். டெட்டனஸ் போன்ற சில மருந்துகள் உறைந்தாலும் கெடும். பனி பெய்யும் மலையில் அந்த இரண்டாவது ஆபத்தும் உண்டு. மூச்சுத் திணறும் குழந்தைக்கு ஆக்ஸிஜன் தருகிற சிறிய இயந்திரம் நம் வீட்டு மிக்ஸி அளவுக்குத்தான் கரண்ட் எடுக்கும். ஆனால் மிக்ஸி ஐந்து நிமிஷம் ஓடினால் போதும், இது இரவு முழுவதும் ஓடவேண்டும். உலகிலேயே காசநோயும் எச்.ஐ.வி.யும் மிக அதிகமாக உள்ள நாடுகளில் லெசோதோ ஒன்று. சளியில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரம் ஒரு பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம்வரை எடுக்கும். நடுவில் கரண்ட் போனால் அந்தச் சோதனைக் குப்பி வீண். நோயாளியோ சில மணி நேரம் மலை ஏறி நடந்து வந்து சளி கொடுத்தவர்.

சரி, மின்சாரம் எங்கிருந்து வருகிறது? 1966-இல் சுதந்திரம் பெற்ற நாடு, 1969-இல் அரசு மின்சாரக் கழகம் ஒன்றை அமைத்தது. அமைத்தார்களே தவிர, சொந்தமாகப் பெரிய மின் நிலையம் எதுவும் அவர்களிடம் இல்லை. முப்பது வருஷம்போல, ஏறக்குறைய எல்லா மின்சாரத்தையும் தென்னாப்பிரிக்காவின் எஸ்காம் நிறுவனத்திடம் விலைக்கு வாங்கினார்கள். அந்தக் காலத்தில் தலைநகர் மசேருவிலும் தாழ்நிலத்துச் சில ஊர்களிலும் மட்டுமே கம்பி ஓடியது.

இந்த நாட்டின் செல்வம் தண்ணீர். மலோட்டி மலைகளில் பனியும் மழையும் ஏராளம். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் பகுதியிலோ தொழிற்சாலை ஏராளம், தண்ணீர் குறைவு. 1986-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. லெசோதோ அணை கட்டித் தண்ணீர் அனுப்பவேண்டும், தென்னாப்பிரிக்கா அதற்கு விலை கொடுக்கவேண்டும். 185 மீட்டர் உயரமுள்ள காட்ஸே அணை இப்படி எழுந்தது. அங்கிருந்து மலையைக் குடைந்து 45 கிலோமீட்டர் சுரங்கம். அந்தச் சுரங்கத்தின் முடிவில், பூமிக்கடியில், முவேலா மின் நிலையம். அங்கே டர்பைனைச் சுற்றிவிட்டு, தண்ணீர் மறுபடியும் 37 கிலோமீட்டர் சுரங்கத்தில் ஓடி, எல்லை தாண்டி, பெத்லகேம் என்ற ஊரின் அருகே ஓர் ஆற்றில் விழுகிறது. (ஆம், அங்கேயும் ஒரு பெத்லகேம் உண்டு.)

முவேலாவில் 24 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று. மொத்தம் 72 மெகாவாட். 1998-ஆம் வருஷத்தின் கடைசியில் அது ஓடத் தொடங்கியபோது நாட்டின் தேவையில் பெரும்பகுதியை அதுவே தந்தது. ஒரு சின்ன நாடு தன் சொந்தத் தண்ணீரில் தன் விளக்கை ஏற்றியது. அந்த ஜனங்கள் பெருமைப்பட்டதில் நியாயம் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சுரங்கம் விளக்குக்காக வெட்டப்பட்டதல்ல, விற்கும் தண்ணீருக்காக வெட்டப்பட்டது. தண்ணீர் ஓடினால்தான் டர்பைன் சுற்றும். 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரை, ஆறு மாதம், சுரங்கத்தைப் பழுதுபார்ப்பதற்காக மூடினார்கள். பழுது பார்த்தே ஆகவேண்டும், அதைக் குறைசொல்ல முடியாது. நல்லவேளையாகக் குளிர்காலத்தைத் தவிர்த்தார்கள். என்றாலும் அந்த ஆறு மாதமும் முவேலா மௌனமாக இருந்தது. நாடு மறுபடியும் அண்டை வீட்டுக் கதவைத் தட்டியது.

மற்ற நாட்களிலும் தட்டத்தான் வேண்டியிருக்கிறது. ஜூன், ஜூலை அங்கே கடுங்குளிர். மாலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஹீட்டரும் அடுப்பும் போடுகிற வேளையில் தேவை 72 மெகாவாட்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே ஏறிவிடுகிறது. மீதியை எஸ்காமிடமும் மொசாம்பிக்கிடமும் வாங்குகிறார்கள். மொசாம்பிக்குக்கும் லெசோதோவுக்கும் பொது எல்லையே கிடையாது. ஆகவே அந்த மின்சாரமும் தென்னாப்பிரிக்கக் கம்பி வழியாகவே வரவேண்டும், அதற்கு வழிவாடகையும் உண்டு. விற்கிற வீட்டிலேயே 2008-இலும் மறுபடி 2022, 2023-இலும் கடும் மின்வெட்டு இருந்தது. சொந்தப் பிள்ளைகளுக்கே பற்றாத வீட்டில் கடன் கேட்கிற நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பி விரிந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். இன்று ஏறக்குறைய பாதி வீடுகளுக்கு மின்சாரம் உண்டு. வீட்டுக்காரர் முன்பணம் கட்டி, இருபது இலக்க எண் ஒன்றைப் பெற்று, மீட்டரில் அழுத்தினால் விளக்கு எரியும். பணம் தீர்ந்தால் விளக்கு தீர்ந்தது. ஆகவே கம்பி வந்த வீட்டிலும் சமையலுக்கும் குளிர்காய்வதற்கும் மண்ணெண்ணெயும் விறகும் காய்ந்த சாணமும்தான். புள்ளிவிவரத்தில் அது மின்சாரம் உள்ள வீடு.

இனி மலைமேல் ஏறுவோம். பெரிய அணைக்கு முன்பே, மலைப்பகுதிக்கென்று சின்னச் சின்ன நீர்மின் நிலையங்களைக் கட்டிப் பார்த்தார்கள். மான்ட்சோன்யானே என்ற ஊரில் இரண்டு மெகாவாட். அந்த ஊரில்தான் ஆங்கிலிக்கன் சபையின் புனித யாக்கோபு ஆஸ்பத்திரி இருக்கிறது. செமொங்கோங்கில் 180 கிலோவாட், துணைக்கு ஒரு டீசல் இயந்திரம். வேறு இரண்டு இடங்களில் இவற்றுக்கு நடுத்தரமானவை. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது: ஆற்றங்கரையிலேயே கரண்ட், நீண்ட கம்பி வேண்டாம். ஆனால் அந்த மலைகளில் மண் அரிப்பு பயங்கரம். வண்டல், வெள்ளம், உதிரிபாகம் கிடைக்காமை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து அவற்றில் பலவற்றை நிறுத்திவிட்டன. கட்டித் தர வெளிநாட்டு உதவி கிடைத்தது, வருஷாவருஷம் மண் வார உதவி கிடைக்கவில்லை.

ஆகவே மலை ஆஸ்பத்திரி பெரும்பாலும் ஒரு நீண்ட கம்பியின் கடைசி நுனியில் இருக்கிறது. கோடையில் மின்னல். உலகில் மின்னல் மிகுந்த இடங்களில் அதுவும் ஒன்று. குளிர்காலத்தில் பனி. கம்பி எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகலாம். நுனியில் வோல்டேஜ் ஏறி இறங்கும், அதில் அடிபடுவது நுட்பமான இயந்திரங்கள். இன்னும் உள்ளே போனால் கம்பியே எட்டாத சிற்றூர்க் கிளினிக்குகள். ஜெனரேட்டர் வைக்கலாம். ஆனால் டீசலும் அதே மலைப்பாதையில்தான் ஏறவேண்டும். மாதக்கடைசியில் ஆஸ்பத்திரி நிர்வாகி டீசலா, மருந்தா, நர்சுகளின் சம்பளமா என்று கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கில் ஜெனரேட்டர் ராத்திரி பத்து மணிக்கு நின்றுவிடும். பிரசவ வலிக்கு மணி தெரியாது.

இது லெசோதோவின் கதை மாத்திரமல்ல. ஏழை நாடுகளில் நிலையான மின்சாரம் இல்லாத அல்லது மின்சாரமே இல்லாத மருத்துவ நிலையங்களை நம்பி வாழ்வோர் ஏறக்குறைய நூறு கோடிப்பேர் என்று உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் மற்றவர்களும் 2023-இல் கணக்கிட்டார்கள்.

வெயில் இருக்கிறதே என்பீர்கள். உண்மை. மலைக்காற்று தெளிவானது, வெயில் தாராளம். மஃபெடெங் மாவட்டத்தில் அரசே 30 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்றை அமைத்திருக்கிறது. 2021-இல் ஹா மகேபே என்ற கிராமத்தில் ஒரு தனியார் நிறுவனம் அந்த ஊருக்கு மட்டுமான சிறிய சூரிய மின் வலையைத் தொடங்கியது. கிளினிக்குகளுக்கு இன்னொரு நல்ல சாதனமும் வந்திருக்கிறது: பாட்டரியே இல்லாத சூரிய குளிர்பெட்டி. பகலில் வெயிலில் பனிக்கட்டியை உறைய வைத்துக்கொள்ளும், அந்தக் குளிரிலேயே இரவையும் மேகமூட்டமான நாட்களையும் கடக்கும். தடுப்பூசிக்கு இதைவிடச் சிறந்த காணிக்கை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஆக்ஸிஜன் இயந்திரமும் பிரசவ அறை விளக்கும் ராத்திரியில் வேலை செய்யவேண்டும். அதற்குப் பாட்டரி வேண்டும். சூரியத் தகடு இருபது, இருபத்தைந்து வருஷம் உழைக்கும். பாட்டரி அப்படியல்ல. பழைய ஈய வகை நாலைந்து வருஷம், புதிய லித்தியம் வகை பத்து வருஷம்போல. தகடு திறப்புவிழாவுக்குப் படம் எடுக்கிறோம், கல்வெட்டும் வைக்கிறோம். ஐந்தாம் வருஷம் பாட்டரி செத்துப்போகும்போது அங்கே யாரும் இருப்பதில்லை. அப்படிக் கூரைமேல் பளபளக்கும் தகடும் கீழே மெழுகுவர்த்தியுமாக இருக்கிற கிளினிக்குகள் ஆப்பிரிக்காவெங்கும் உண்டு. மான்ட்சோன்யானே பக்கத்து ஆறுகளில் மண் வாருவதற்கு ஆள் இல்லாமல் போனதும் இதே சங்கதிதான்.

இயந்திரம் அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பழையதாகிப்போன 110 வோல்ட் கருவியை 220 வோல்ட் நாட்டுக்கு அனுப்பினால், பிளக்கில் செருகிய அன்றே புகை வரும். அனுப்புவதற்கு முன் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்: வோல்டேஜ் எத்தனை, நாளுக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் இருக்கிறது, பழுதானால் பார்க்க ஆள் உண்டா? அந்தப் பதில் வந்தபின் என்ன அனுப்புவது என்று தீர்மானிக்கலாம்.

லெசோதோவில் இப்போது பொலிஹாலி என்ற இன்னொரு பெரிய அணை எழும்பி வருகிறது. அதுவும் முதலில் தண்ணீருக்காகவே. அதனோடு புதிய நீர்மின் நிலையம் ஒன்றையும் யோசித்திருக்கிறார்கள். அது வரட்டும். வந்தாலும் அந்த மின்சாரம் கம்பியின் நுனிவரை சேருவதற்குள் பல குளிர்காலங்கள் போய்விடும்.

நம் ஐக்கியத்தின் பொருளாளர் ஐயா முன்னமே ஒரு கேள்வி கேட்டார்: மலை ஆஸ்பத்திரி ஒன்றுக்கு சூரிய மின்சாரம் வைக்க நாம் காணிக்கை எடுத்தால் எவ்வளவு எடுக்கவேண்டும்? என் பதில் இது. தகட்டுக்கும் பாட்டரிக்கும் ஆகும் முழுத்தொகையை ஒருமுறை எடுங்கள். பிறகு பாட்டரியின் விலையை அது உழைக்கும் வருஷங்களால் வகுத்து, அந்தத் தொகையை ஒவ்வொரு அறுப்பின் பண்டிகையிலும் தனியாக எடுத்து, பாட்டரிக்கென்றே ஒரு கணக்கில் போட்டுவையுங்கள். அந்த ஊரிலேயே ஒரு வாலிபனுக்கோ வாலிபப் பெண்ணுக்கோ அதைப் பராமரிக்கக் கற்றுக்கொடுக்கும் செலவையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது. ரசீது மட்டும் தரலாம்.