ஒரு காந்தம், நூற்றுக்கணக்கான தொட்டிகள்: வரிச் சண்டையில் சீனாவின் பிடி எங்கே இருக்கு?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை வேறு வேறு விதமா அனுப்பியிருந்தீங்க. "அமெரிக்கா சீனா மேல 145 சதவீதம் வரி போட்டுச்சே, அப்புறம் ஏன் ஒரே மாசத்துல இறங்கி வந்துச்சு?" இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம்.

முதல்ல தேதிகளை வரிசைப்படுத்திக்கலாம். 2025 ஏப்ரல் 2 அன்று டிரம்ப் கிட்டத்தட்ட எல்லா நாடுகள் மேலும் புதிய வரிகளை அறிவித்தார். சீனா பதிலுக்கு வரி போட்டது. இவர் ஏற்ற, அவர்கள் ஏற்ற, பத்தே நாளில் அமெரிக்க வரி 145 சதவீதம், சீன வரி 125 சதவீதம் என்று போய் நின்றது. ஜெனீவாவில் பேசி, மே 12 அன்று அமெரிக்கா 30 சதவீதத்துக்கும் சீனா 10 சதவீதத்துக்கும் இறங்கினார்கள்.

இந்த எண்களுக்கு நடுவில் ஒரு விஷயம் நடந்தது. ஏப்ரல் 4 அன்று, ஏழு தனிமங்களை இனி உரிமம் வாங்கித்தான் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று சீனா அறிவித்தது. சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுடீசியம், ஸ்காண்டியம், இட்ரியம். கெமிஸ்ட்ரி புத்தகத்தில் பீரியாடிக் டேபிளுக்குக் கீழே தனியா இரண்டு வரிசை இருக்குமே, நாம யாரும் படிக்காம தாண்டிப் போவோமே, பெரும்பாலும் அங்கே இருக்கிறவங்கதான். ரேர் எர்த், தமிழில் அரிய மண் தனிமங்கள்.

தடை கிடையாது, உரிமம்தான். ஆனா உரிமம் கேட்ட ஃபைல் நகரவில்லை. மே மாதத்தில் ஃபோர்டு தன் சிகாகோ ஆலையை ஒரு வாரம் நிறுத்தியது. ஜப்பானில் சுசுகி, ஸ்விஃப்ட் காரின் உற்பத்தியை நிறுத்தி வைத்தது. நம்ம ஊர் பஜாஜ் ஆட்டோ, எலக்ட்ரிக் வண்டி உற்பத்தி பாதிக்கப்படும் என்று எச்சரித்தது. எல்லாம் காந்தத்துக்காக.

காந்தத்தில் என்ன இருக்கு?

எலக்ட்ரிக் கார் மோட்டாருக்குள் ஒன்றிரண்டு கிலோ நியோடிமியம் காந்தம் இருக்கும். மோட்டார் சூடானால் காந்தம் பலம் இழக்கும். இழக்காமல் இருக்க அதில் கொஞ்சம் டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேர்ப்பார்கள். சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி. அளவு கொஞ்சம்தான், ஆனா இல்லாம முடியாது. பெட்ரோல் காரிலும் பவர் ஸ்டியரிங், ஸ்பீக்கர் என்று பல இடங்களில் இந்தக் காந்தங்கள் இருக்கு.

எங்க வேலையில் இதை டிபென்டன்சி என்று சொல்வோம். 2016 மார்ச்சில் 'லெஃப்ட் பேட்' என்று ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ், மொத்தமே 11 வரி, அதை எழுதியவர் ஒரு கோபத்தில் எடுத்துவிட்டார். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ப்ராஜெக்ட்கள் பில்ட் ஆகாமல் நின்றன. நேரடியா அதைப் பயன்படுத்தினவங்க ரொம்பக் கம்மி. அவங்க பயன்படுத்தினது இன்னொன்றை, அது பயன்படுத்தினது இன்னொன்றை. ஃபோர்டுக்கு நடந்ததும் இதுதான்.

ஆனா ஒரு வித்தியாசம். லெஃப்ட் பேட் சில மணி நேரத்தில் திரும்ப வந்தது. அந்த 11 வரியை யாரும் டீ குடிக்கிற நேரத்தில் எழுதிடலாம். டிஸ்ப்ரோசியத்தை அப்படி எழுத முடியாது. ஏன்?

தோண்டுவது சுலபம், பிரிப்பதுதான் கஷ்டம்

பெயரில்தான் அரியது. பூமியின் மேலோட்டில் சீரியம் கிட்டத்தட்ட செம்பு அளவுக்கு இருக்கு. சிக்கல் என்னன்னா, இந்த 17 தனிமங்களும் பெரும்பாலும் ஒரே பாறையில் கலந்தே கிடைக்கும். வேதியியல் குணமும் ஏறக்குறைய ஒன்றுதான். பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் ஒன்றாகக் கொட்டி, கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி.

பிரிக்கிற வழி இது. தாதுவை அமிலத்தில் கரைத்து, அதோடு எண்ணெய் மாதிரி ஒரு கரைப்பானைக் கலக்குவார்கள். ஒரு தனிமம் எண்ணெய்ப் பக்கம் கொஞ்சம் கூடுதலா போகும், இன்னொன்று கொஞ்சம் குறைவா போகும். ஒரு தொட்டியில் கிடைக்கும் வித்தியாசம் ரொம்பச் சின்னது. அதனால் தொட்டிக்கு அடுத்து தொட்டி என்று நூற்றுக்கணக்கில் வரிசையா வைத்துத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

இங்கே ஒருத்தரைப் பற்றிச் சொல்லியாகணும். ஷூ குவாங்ஷியன். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1951-ல் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு சீனா திரும்பியவர். 1972-ல் பீகிங் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது நியோடிமியத்தையும் பிரசியோடிமியத்தையும் பிரிக்கும் வேலை அவரிடம் வந்தது. எத்தனை தொட்டி வேண்டும், எந்த விகிதத்தில் ஓட்ட வேண்டும் என்பதைக் கணக்காகவே போட்டுக் கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கினார். அதை ஆலை பொறியாளர்களுக்கு வகுப்பு எடுத்துச் சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பிறகு சின்னச் சின்ன ஆலைகள் பெருகின. அரசு ஏற்றுமதிக்குச் சலுகை கொடுத்தது. விலை விழுந்தது.

இப்போ அமெரிக்கா பக்கம் பாருங்க. கலிஃபோர்னியாவில் மவுன்டன் பாஸ் சுரங்கம், 1960-களிலிருந்து 80-கள் வரை உலகுக்கே ரேர் எர்த் கொடுத்த இடம். 90-களில் கழிவுநீர்க் குழாய் கசிந்து சிக்கல் வந்தது. சீன விலையோடு போட்டி போட முடியவில்லை. 2002-ல் மூடினார்கள். நியோடிமியம் காந்தத்தை 80-களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிடோமோவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. ஜெனரல் மோட்டார்ஸின் காந்தப் பிரிவான மேக்னக்வென்ச், 1995-ல் சீன நிறுவனங்களும் சேர்ந்த ஒரு குழுவுக்கு விற்கப்பட்டது. அமெரிக்க அரசு அனுமதியோடுதான். சில வருஷங்களில் அங்கிருந்த ஆலைகள் மூடப்பட்டு வேலை சீனாவுக்குப் போனது.

"சீனா திருடிவிட்டது" என்று சொல்வது சுலபம். இந்தக் கதையில் நடந்தது வேறு. அழுக்கான, லாபம் குறைந்த, பொறுமை தேவைப்படும் நடுவேலையை மற்றவர்கள் சந்தோஷமா கைகழுவினார்கள். அதை எடுத்துச் செய்தவர்கள் நாற்பது வருஷம் செய்தார்கள். இன்றைக்கு உலகின் சுத்திகரிப்பிலும் காந்த உற்பத்தியிலும் சுமார் 90 சதவீதம் சீனாவில். 145 சதவீத வரி பொருளின் விலையை மாற்றும். நாற்பது வருஷக் கைப்பழக்கத்தை அதனால் உருவாக்க முடியாது.

விலையை யார் கொடுத்தது?

இந்த வளர்ச்சியைக் கைதட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வரலை. உள் மங்கோலியாவில் பாவோடௌ நகரம். பக்கத்து பயான் ஓபோ சுரங்கத்துத் தாது அங்கேதான் வருகிறது. தாதுவோடு தோரியம் என்ற கதிரியக்கத் தனிமமும் வரும். கழிவெல்லாம் நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய குளத்தில். சுற்றியிருந்த கிராமங்களில் கிணற்றுத் தண்ணீரும் விவசாயமும் கெட்டு, மக்கள் இடம்பெயர்ந்தார்கள். தெற்கே ஜியாங்ஷி மாகாணத்தின் கான்சோவில், மலையில் துளை போட்டு அமோனியம் சல்ஃபேட் கரைசலை ஊற்றித் தனிமங்களை வடித்தார்கள். ஓடைகளும் நிலத்தடி நீரும் மாசுபட்டன. டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் வருவது இந்த மாதிரி களிமண்ணிலிருந்துதான். சீனாவில் கட்டுப்பாடு வந்ததும் அந்த வேலை எல்லை தாண்டி மியான்மரின் காச்சின் பகுதிக்குப் போய்விட்டது.

ஷூ குவாங்ஷியனே வயதான காலத்தில், உற்பத்தியைக் கட்டுப்படுத்துங்கள், இப்படி வாரிக் கொட்டாதீர்கள் என்று அரசுக்கு எழுதினார். நாம 'சீப்பான சீனப் பொருள்' என்று சொல்லும்போது, அந்த விலையில் பாவோடௌ கிணறு சேரவே இல்லை.

வெளியே வர முடியுமா?

ஜப்பான் முயற்சி பண்ணிப் பார்த்தது. 2010 செப்டம்பரில் ஒரு சீன மீன்பிடிப் படகு, தீவுத் தகராறு இருந்த கடலில் ஜப்பான் ரோந்துக் கப்பல்களோடு மோதியது. அதைத் தொடர்ந்து ஜப்பானுக்கு ரேர் எர்த் வரத்து சுமார் இரண்டு மாதம் தடைபட்டது. பாடம் கற்ற ஜப்பான், ஆஸ்திரேலியாவின் லைனஸ் நிறுவனத்தில் பணம் போட்டது, சேமித்து வைத்தது, குறைவாகப் பயன்படுத்தக் கற்றது. சுமார் 90 சதவீதமாக இருந்த சீனச் சார்பு சுமார் 60-க்கு வந்தது. பதினைந்து வருஷ உழைப்புக்கு அவ்வளவுதான்.

அமெரிக்காவும் இப்போது அதே பாதையில்தான். 2025 ஜூலையில் பாதுகாப்புத் துறை, மவுன்டன் பாஸை நடத்தும் எம்.பி. மெட்டீரியல்ஸில் 40 கோடி டாலர் முதலீடு அறிவித்தது. கிலோவுக்கு 110 டாலர் குறைந்தபட்ச விலை என்று உத்தரவாதமும் கொடுத்தது. சந்தையே எல்லாத்தையும் பார்த்துக்கும் என்று உலகுக்குப் பாடம் எடுத்த நாடு, நெல்லுக்கு ஆதார விலை மாதிரி காந்தத்தின் மூலப்பொருளுக்கு ஆதார விலை கொடுக்கிறது!

சீனாவுக்கும் இது நிரந்தர வெற்றி என்று நினைக்க வேண்டாம். 2025 அக்டோபர் 9-ல் கட்டுப்பாட்டை இன்னும் விரித்தார்கள். மாதக் கடைசியில் தென்கொரியாவில் ஷி ஜின்பிங்கும் டிரம்பும் சந்தித்த பிறகு அதை ஒரு வருஷம் நிறுத்தி வைத்தார்கள். ஒவ்வொரு தடவை இந்தப் பிடியை இறுக்கும்போதும், வேறு வழி தேட மற்றவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. 2024-ல் சீனாவின் வர்த்தக உபரி கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி டாலர். உள்நாட்டில் குடும்பங்கள் செலவழிப்பதோ மொத்தப் பொருளாதாரத்தில் சுமார் 40 சதவீதம்தான். விற்க வெளியே ஆள் வேண்டும். கடைக்காரர் வாடிக்கையாளரை எத்தனை தடவை மிரட்ட முடியும்?

இந்தியாவும் இந்த ஆட்டத்துக்குள் வந்துவிட்டது. 2025 நவம்பரில் மத்திய அரசு காந்த உற்பத்திக்கு 7,280 கோடி ரூபாய் திட்டத்தை ஒப்புக்கொண்டது. தாது எங்கே? கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் இருக்கு. அதிலும் தோரியம் இருக்கு. கிள்ளியூர் பகுதியில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்துக்குக் கடலோர மக்கள் எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் கருத்து இதுதான். இந்தத் தொழில் நமக்குத் தேவை. ஆனா சீனாவை முந்துவோம் என்று மேடையில் பேசுகிறவர்கள், கழிவு எங்கே போகும், எந்த ஊர்க் கிணற்றை யார் வருஷா வருஷம் சோதிப்பார்கள், அந்தச் செலவு காந்தத்தின் விலையில் சேருமா என்பதையும் அதே மேடையில் சொல்ல வேண்டும். சேர்த்தால் நம்ம காந்தம் சீனக் காந்தத்தைவிட விலை கூடும். அந்தக் கூடுதல் காசை வண்டி வாங்குற நாம கொடுக்கணும். கொடுக்க மாட்டோம் என்றால், கடலோரத்தில் இருக்கிறவர் கொடுப்பார்.

நீங்க கெமிக்கல் இண்டஸ்ட்ரியிலோ, மோட்டார் தயாரிக்கிற கம்பெனியிலோ வேலை பார்க்கிறவரா இருந்தா, உங்க அனுபவத்தை எழுதுங்க, வாசிக்கிறேன். அடுத்த எபிசோடில் இதே சண்டையின் மறுபக்கம்: சிப் விஷயத்தில் அமெரிக்கா சீனாவின் கழுத்தைப் பிடித்த கதை.