கோழிக் கூண்டும் நான் பார்க்காத லாகும்

ஊர்ல அம்மா கோழி வளர்க்குறதைப் பத்தி போன எபிசோட்ல போற போக்குல சொல்லியிருந்தேன். "மாடியில நாலு கோழி வளர்க்க ஆசை, ஆனா பூனை, கீரின்னு பயமா இருக்கு, என்ன பண்ணலாம்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதனால இன்னைக்கு நான் சொதப்பின கதை.

எங்க ஊர் மதுரைப் பக்கம். அம்மாகிட்ட 11 சிறுவிடைக் கோழி இருந்துச்சு. ஒருநாள் காலையில போன்: "நாலு போச்சுப்பா." ரெண்டு கழுத்து கடிபட்டு கூண்டுக்குள்ளேயே கிடந்திருக்கு. ரெண்டைக் காணோம். பக்கத்து வீட்டு சித்தப்பா உடனே தீர்ப்பு சொல்லிட்டார்: கீரி.

நானும் நம்பிட்டேன். சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், கூண்டைச் சுத்தித் தோண்டி, கம்பி வலையை வெளிப்பக்கமா ஒரு அடி மடக்கிப் புதைச்சேன். கை முழுக்கக் கொப்புளம். செம பெருமை வேற. புதன்கிழமை இன்னும் மூணு போச்சு.

இந்தத் தடவை சித்தப்பா, "செத்த கோழியில குருணை மருந்து வெச்சிரலாம்"னார். அம்மாவும் சரின்னு சொல்ற நிலைமைக்கு வந்துட்டாங்க. தெரு நாய் தின்னும், காக்கா தின்னும். எங்க மணியும் அங்கதான் சுத்துவான். தவிர கீரி, மரநாய், காட்டுப்பூனை எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது, கொன்னா குற்றம். "ஒரு வாரம் டைம் குடும்மா"ன்னு கெஞ்சினேன்.

மிச்சமிருந்த நாலையும் வீட்டுக்குள்ள பஞ்சாரத்துல கவுத்துட்டு, காலிக் கூண்டைப் பார்த்து ராத்திரியிலும் தெரியுற ஒரு சின்ன கேமரா மாட்டினோம். ரெண்டாவது ராத்திரி, 1:40 மணி. வேப்பங்கிளையில இருந்து நீள வாலோட ஒண்ணு கூரையில இறங்குது. காத்துக்காக விட்டிருந்த இடைவெளி வழியா சாவகாசமா உள்ளே போகுது. மரநாய்!

நான் கீழே தோண்டிட்டிருந்தேன், அது மேலே வந்திருக்கு. ஆபீஸ்ல லாக் பார்க்காம யாராவது ஃபிக்ஸ் போட்டா முதல்ல கத்துறவன் நான்.

இத்தனைக்கும் தடயம் முன்னாடியே இருந்துச்சு. கீரி பெரும்பாலும் பகல்ல வர்ற ஆளு. எங்க கோழி போனதெல்லாம் ராத்திரி. பகல்ல வெட்டவெளியில குஞ்சு மட்டும் சத்தமில்லாம மாயமானா வல்லூறு, பருந்தைச் சந்தேகப்படலாம். ஓடுகூட இல்லாம முட்டை காணோம்னா பாம்பா இருக்கலாம்.

அப்புறம் வேலை ரொம்ப சிம்பிள். அந்த இடைவெளியில அரை இஞ்ச் வெல்ட் மெஷ் அடிச்சோம், கிளையை வெட்டினோம், கதவுக்கு நல்ல கொண்டி போட்டோம். கடையில "கோழி வலை"ன்னு குடுக்குற மெல்லிசான அறுகோணக் கம்பி, கோழி வெளியே போகாம இருக்கத்தான். பல்லும் நகமும் இருக்குற எதையும் அது ரொம்ப நேரம் தடுக்காது. மாடியில வளர்க்கப் போறவங்க, மேல்பக்கமும் மூடுங்க. பூனையும் காக்காவும் குஞ்சை விடாது.

மரநாய் இன்னும் வருது. அதுக்குப் பழம்தான் முக்கியச் சாப்பாடு, தோட்டத்துல பப்பாளி இருக்கு. அம்மாவுக்கு அதுலயும் கோபம்தான். ஆனா பொழுது சாயும்போது நான் போன் பண்ணினா, "இருடா, எண்ணிட்டு வரேன்"னு வெச்சிடுறாங்க. நேத்து எண்ணிக்கை, குஞ்சோட சேர்த்து 13.