இல்லாத எழுத்து



சென்ற விடுமுறையில் மகளுடன் இலண்டனில் தங்கியிருந்தபோது ஒரு பகற்பொழுதைப் பிளெச்லி பூங்காவில் கழித்தேன். இரண்டாம் உலகப் போரில் பகைவரின் மறைமொழிச் செய்திகளை உடைத்துப் படித்த இடம் அது, இன்று அருங்காட்சியகம். மாளிகையையும் குளத்தையும் மரக்குடில்களையும் வருணித்து உங்கள் பொழுதைக் கவர விரும்பவில்லை. பழைய குதிரைலாய முற்றத்தில் உள்ள சிறு வீட்டின் முன்னேதான் நான் நெடுநேரம் நின்றேன்.

அங்குப் பணியாற்றிய குழுவின் தலைவர் டில்லி நாக்ஸ். கிரேக்க மொழி அறிஞர். சிதைந்த பாப்பிரஸ் சுருளிலிருந்து ஹெரோடாஸ் என்னும் புலவரின் பாடல்களை மீட்டுப் பதிப்பித்தவர்களுள் ஒருவர். செல்லரித்த ஏட்டில் விடுபட்ட எழுத்தை உய்த்துணர்ந்த நம் பதிப்பாசிரியர்களின் இனத்தவர். போர் வந்தபோது அரசு இத்தகையோரை நாடியதை எண்ணித் தமிழாசிரியையாகிய நான் சற்றே இறுமாந்தேன். அதை ஏன் மறைக்க வேண்டும்?

அக்குழுவில் சேர்ந்தவர் மேவிஸ் லீவர், ஜெர்மன் மொழி பயின்ற மாணவி. எனிக்மாப் பொறியில் விசையை அழுத்துந்தோறும் சக்கரம் நகரும். ஆகவே ஒரே எழுத்து ஒவ்வொரு முறையும் வேறுவேறு எழுத்தாக உருமாறும். ஆனால் எந்த எழுத்தும் தன் உருவிலேயே வெளிவராது. இத்தாலியக் கடற்படையின் நீண்ட செய்தி ஒன்றில் 'எல்' என்னும் எழுத்து ஓரிடத்தும் இல்லாமையை லீவர் கண்டார். சோதனைக்காக எதையேனும் அனுப்பப் பணிக்கப்பட்டவன், சோம்பலால் 'எல்' விசையையே மீண்டும் மீண்டும் அழுத்தியிருக்கிறான்! அதைக்கொண்டே பொறியின் சக்கரம் ஒன்றன் உள்ளிணைப்பை அறிந்துகொண்டனர்.

நிரோட்டகம் பாடிய மரபினர் நாம். சிவப்பிரகாசரின் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியில் இதழொட்டும் எழுத்துக்கள் இல்லை என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. தலைப்பை நீக்கித் தந்தால் நம்மில் எத்தனை பேர் கண்டுபிடிப்போம்? நான் கண்டிருக்க மாட்டேன்.

இதுவரை எனக்கு மகிழ்ச்சியே. 1941 மார்ச்சில், மூன்று நாளில் கடற்படை நடவடிக்கை தொடங்கும் என்ற இத்தாலியச் செய்தியை அச்சிறு வீட்டில் படித்தனர். லீவருக்கு அப்போது வயது 19. கிரேக்கத்தின் தென்கோடியில் மாட்டபான் முனைக்கருகே, இருளில் மிக நெருங்கிய பிரித்தானியக் கப்பல்கள் சுட்டன. இத்தாலியரின் ஐந்து போர்க்கப்பல்கள் மூழ்கின. 2,300 பேருக்கு மேல் மாண்டனர். நீதி எப்பக்கம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், படித்தல் யாருக்கும் தீங்கிழையாத செயல் என்று வகுப்பில் பலமுறை கூறியவள் நான். அந்த வீட்டின் முன் அச்சொற்களை என்னால் சொல்ல இயலவில்லை.

1970களில் மறைவு விலகும்வரை அங்குப் பணியாற்றியோர் வாய் திறக்கவில்லை. லீவர் பின்னாளில் பழந்தோட்டங்களின் வரலாற்றை ஆராய்ந்து புகழ்பெற்றார், 2013இல் மறைந்தார்.

திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "அம்மா, அந்தக் கப்பல்களில் இருந்தவர்களில் பலருக்கும் பத்தொன்பது, இருபது வயதுதானே இருந்திருக்கும்?"

"ஆம்" என்றேன். யூஸ்டன் நிலையம் வரும்வரை இருவரும் பேசவில்லை.