இரண்டு மணி நேரத்தை நாலாக்கலாம்

கையில் வைத்து விளையாடும் கேம் கருவி பற்றி இன்று பேசப்போகிறேன். பிள்ளைகள் சமாச்சாரம்தானே என்று ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். பகலெல்லாம் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, ராத்திரி சாப்பிட்டபின் இதை எடுத்து வைத்துக்கொள்ளும் பெரியவர்களும் நிறையப் பேர் உண்டு. எல்லாக் கருவிகளையும் பேசினால் எதுவும் உருப்படாது. அதனால் ஸ்டீம் டெக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் இதை 2022 பிப்ரவரியில் வெளியிட்டது. 7 அங்குலத் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள், உள்ளே லினக்ஸில் ஓடும் முழுக் கம்ப்யூட்டர். 2023 நவம்பரில் ஓஎல்இடி திரையோடு இன்னொரு மாடல் வந்தது.

வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே சொல்லும் புகார் ஒன்றுதான்: சார்ஜ் நிற்கவே மாட்டேன் என்கிறது.

இது எளிய வகுத்தல் கணக்கு. முதல் மாடலின் பேட்டரி 40 வாட்-மணி. பெரிய கேம் ஒன்றை முழு வேகத்தில் ஓடவிட்டால் திரை, சிப், மின்விசிறி எல்லாம் சேர்ந்து 20 வாட்டுக்கும் மேலே இழுக்கும். நாற்பதை இருபதால் வகுங்கள். இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். அதையே 10 வாட்டில் ஓடவிட்டால் நாலு மணி நேரம். வால்வ் நிறுவனமே இந்த மாடலுக்கு 2 முதல் 8 மணி நேரம் வரை என்றுதான் சொல்கிறது. நடுவில் இருக்கிற ஆறு மணி நேரம் விளையாடுகிறவர் கையில் இருக்கிறது. கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரில் யாரும் கிரைண்டர் போடமாட்டோம் அல்லவா, அதே புத்திதான் இங்கேயும் வேண்டும்.

கருவியின் வலது பக்கம், கீழே, மூன்று புள்ளி போட்ட சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பக்கவாட்டில் ஒரு பட்டியல் திறக்கும். அதில் பேட்டரி படம் போட்ட பகுதிக்குப் போங்கள். பலர் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத இடம் இது. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எத்தனை வாட் செலவாகிறது என்று திரையின் ஓரத்தில் காட்டும் வசதி இங்கேதான் இருக்கிறது. முதலில் அதைப் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் விளையாடிப் பாருங்கள். எந்த கேம் எவ்வளவு தின்கிறது என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.

அடுத்தது ஃப்ரேம் கணக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கருவியில் கிடைக்கும் பெரிய லாபம் இதில்தான். திரையில் ஓடுவது அடுத்தடுத்து வரும் படங்கள். வினாடிக்கு 60 படம் வந்தால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் பேட்டரியும் கூடவே ஓடிவிடும். 30 படமாகக் குறைத்தால் செலவு குறையும், ஆனால் வேகமான கேம்களில் கை ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று இழுபறியாகத் தெரியும். நடுவில் 40 என்று வைத்துப் பாருங்கள். அறுபதில் ஒரு படம் திரையில் நிற்பது ஏறக்குறைய 17 மில்லி வினாடி. முப்பதில் 33. இரண்டுக்கும் சரிபாதி 25. அந்த 25 மில்லி வினாடிதான் நாற்பதின் கணக்கு. எண்ணிக்கையில் பார்த்தால் 40 என்பது முப்பதுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் கண்ணுக்கு இரண்டுக்கும் நட்ட நடுவில் நிற்கிறது. முப்பதின் செலவை ஒட்டி, அறுபதின் சுகத்தில் பாதி. இந்தக் கட்டுப்பாட்டை வைத்தால் திரையின் புதுப்பிப்பு வேகத்தையும் கருவியே அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும்.

அதே இடத்தில் சிப்புக்கு உச்சவரம்பு வைக்கும் வசதியும் உண்டு. இயல்பில் 15 வாட் வரை போகும். சைபர்பங்க், எல்டன் ரிங் போன்ற கனமான கேம்களுக்கு அது முழுக்க வேண்டும், குறைத்தால் திணறும். ஸ்டார்டியூ வேலி மாதிரி வயல் உழுது, தண்ணீர் ஊற்றி, மீன் பிடிக்கிற கேமுக்கு எதற்குப் பதினைந்து வாட்? ஐந்தாறே தாராளம். ஒரு எச்சரிக்கை. இந்த அளவுகளை மாற்றுவதற்கு முன் ‘இந்த கேமுக்கு மட்டும்’ என்ற தனிக் கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு கேமுக்கு வைத்த கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும். அடுத்த வாரம் வேறு கேம் நத்தையாய் ஊர்ந்தால், கருவி கெட்டுப்போச்சு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

குறைவான சக்தியில் நிறைய நேரம் என்பது புது யோசனை இல்லை. 1989-ல் ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் கேம் பாய் என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியதில் முக்கியமானவர் குன்பெய் யோகோய். பழகிச் சலித்த, விலை குறைந்த தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. வண்ணமில்லாத மங்கலான திரை, நாலு பென்சில் பேட்டரி. போட்டிக்கு வந்த சேகா கேம் கியர் வண்ணத் திரையோடு, பின்னால் விளக்கும் எரிய, ஜொலித்தது. ஆறு பேட்டரி போட்டும் சில மணி நேரத்தில் மூச்சை விட்டுவிடும். கேம் பாயோ பத்து மணி நேரத்தைத் தாண்டி ஓடும். சந்தையில் ஜெயித்தது மங்கலான திரைதான்.

இனி, சூடு. இந்தக் கருவி 35 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் வேலை செய்வதற்காக வடிவமைக்கப்பட்டது. நம் ஊர் சித்திரை, வைகாசி மத்தியானத்துக்கு அந்த எண் தெரியாது. சூடு ஏறினால் கருவி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், கேம் இழுக்கும். காற்று உள்ளே போவது முதுகுப் பக்கம், வெளியே வருவது மேல் பக்கம். மல்லாந்து படுத்து வயிற்றில் சாய்த்துக்கொண்டோ, தலையணையில் அழுத்தி வைத்துக்கொண்டோ விளையாடினால் உள்ளே போகிற வழியை நாமே அடைத்துவிடுகிறோம். உறைக்குள் போட்டுக்கொண்டு விளையாடுவதும், விளையாடிக்கொண்டே அதே உறையில் பவர் பேங்க்கைத் திணிப்பதும் வேண்டவே வேண்டாம்.

ரயில் பயணத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளம்புவதற்கு முதல் நாளே, வீட்டில் இன்டர்நெட் இருக்கும்போது, விளையாடப்போகும் கேமை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, பிறகு ஆஃப்லைனுக்கு மாற்றுங்கள். புதிதாக இறக்கிய கேமை முதன்முறை திறக்கும்போது நெட் கேட்கும். அதைச் சிக்னல் இல்லாத இடத்தில் கேட்டால் எட்டு மணி நேரப் பயணமும் வீண்.

கேம் வாங்கும்போது பார்க்கவேண்டியதும் உண்டு. வால்வின் ஸ்டீம் ஆன்லைன் கடையில் ஒவ்வொரு கேமுக்கும் இந்தக் கருவியில் எப்படி ஓடும் என்று முத்திரை இருக்கும். பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் எழுத்து பொடியாக இருக்கலாம், சில பொத்தான்களை நாம் மாற்றவேண்டி வரலாம். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆன்லைனில் மோதும் சில கேம்கள், வேலரன்ட் போன்றவை, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாக இந்தக் கருவியின் ஸ்டீம்ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடவே ஓடாது. பிள்ளை அதற்காகத்தான் கேட்கிறான் என்றால் இந்தக் கருவியில் காசைப் போடாதீர்கள்.

பொடி எழுத்து என்றேன். ஸ்டீம் பொத்தானை அழுத்தியபடியே எல்-ஒன் பொத்தானை அழுத்தினால் திரையின் ஒரு பகுதி பெரிதாகத் தெரியும். நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு இந்த ஒரு குறுக்குவழி போதும். முதுகுப் பக்கம் இருக்கும் நாலு பொத்தான்களையும் சும்மா விடாதீர்கள். கட்டைவிரல் வலிக்கிறவர்கள் அடிக்கடி அழுத்தும் வேலையை அங்கே மாற்றிவிடலாம். ஒவ்வொரு கேமுக்கும் மற்றவர்கள் செய்து வைத்திருக்கும் பொத்தான் அமைப்புகளும் கருவியிலேயே கிடைக்கும், நாமே உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சுத்தம் செய்யவோ உதிரி பாகம் மாற்றவோ பின்மூடியைக் கழற்றுகிறவர்கள், திருப்புளியைத் தொடுவதற்கு முன் மெமரி கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். அது இருக்கையில் மூடியை நெம்பினால் கார்டு இரண்டாக முறிந்துவிடும்.

எப்போதும் சார்ஜரிலேயே வைத்து விளையாடுகிறவர்கள், அமைப்புகளில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். 2025-ல் வந்த மென்பொருளில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். லித்தியம் பேட்டரி நூறிலேயே சூட்டோடு கிடந்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும். எந்த நிறுவனத்துக் கருவியானாலும் சரி, மூடி லேசாக உப்பியிருந்தாலோ, திரையின் ஓரம் எழும்பியிருந்தாலோ, பொத்தான்கள் திடீரென்று இறுகினாலோ, பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி சார்ஜில் போடாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பழுது பார்ப்பவரிடம் கொடுத்து மாற்றுங்கள். கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.